வீட்டுக்குள் வரும் படத்தைத் தெரிவு செய்வது யார்?



வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ இருப்பவர் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்ப் படம் பார்த்துத் திரும்பிவிடலாம். நயினாதீவில் இருப்பவர் அதற்குக் குறிகாட்டுவானுக்குப் படகேற வேண்டும். நெடுந்தீவில் இருப்பவருக்கோ அந்தத் துறையை அடையவே ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். ஆகவே தீவகத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் படத்தைத் தேடிப் போனதில்லை; படம்தான் வீடு தேடி வந்தது.

1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அதையொட்டி வீடியோ டெக்கும் கசெட்டும் வந்தன. 1990க்குப் பின் குடாநாட்டில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போனது. அப்போது ஜெனரேட்டரையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விலையேறிய மண்ணெண்ணெயை ஊற்றி, அயலவர் எல்லோரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். அந்தக் கஷ்டத்தை யாரும் மீண்டும் விரும்பமாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிழவியும் குமரும் குழந்தையும் சேர்ந்து பார்க்கப் போகும் படம் என்பதால், "என்ன படம் எடுப்பது?" என்று நாலு பேர் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள்.

இன்று நிலைமை என்ன? 2016இல் நெட்பிளிக்ஸ் இலங்கைக்கும் வந்தது. யூடியூப்போ ஒரு படம் முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓடவிடுகிறது. இஷா தொழுது முடித்து நீங்கள் சமையலறையை ஒதுக்கி வருவதற்குள், மகன் ஒரு மூலையிலும் மகள் ஒரு மூலையிலும் ஆளுக்கொரு படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை நீங்களும் தெரிவு செய்யவில்லை, அவர்களும் தெரிவு செய்யவில்லை.

சினிமாவே வேண்டாம் என்று இருக்கும் வீடுகள் உண்டு. அது அவரவர் முடிவு. ஆனால் கைப்பேசி இருக்கும் வீட்டில் படமும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

சான்றிதழை நம்பலாமா?

நம் வீடுகளுக்கு வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்தியத் தணிக்கைச் சான்றிதழோடு வருபவை. 'யு' என்றால் எல்லோருக்கும், 'ஏ' என்றால் வயது வந்தோருக்கு மட்டும். இடையிலுள்ள 'யுஏ' 2024 நவம்பர் முதல் 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்க வேண்டும் என்பது பொருள். புதுப் படமென்றால் முதலில் இதைப் பாருங்கள். நல்ல உதவி அது. ஆனால் அதை வழங்குபவர்களுக்கு நம் வீட்டின் கதை தெரியாது.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வாசலில் துப்பாக்கியைக் கண்ட உம்மம்மாமார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வேறு ஊரில் வெறும் சண்டைக் காட்சியாகத் தெரிவது, அவர்கள் அமர்ந்திருக்கும் கூடத்தில் வேறொன்றாகிவிடும்.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தத்துப் பிள்ளையான அமுதா, பெற்ற தாயைத் தேடிச் சென்னையிலிருந்து இலங்கைக்கு வருகிறாள். ஆறு தேசிய விருதுகள் பெற்ற படம். ஆனாலும் அதில் குண்டுவெடிப்பும் ஊர் பெயர்தலும் உண்டு. பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் நீங்கள் பாருங்கள். பிறகு பெரியவர்களிடம் கேளுங்கள். பிள்ளை கேட்கப்போகும் கேள்விக்கு விடை சொல்லத் தயாரான பின் சேர்ந்து பாருங்கள்.

தொடங்குவதற்கு இரண்டு படங்கள்

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997): தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன், வீட்டின் வறுமை தெரிந்து அதை மறைக்கிறான். ஒரே சோடியை இருவரும் மாறி மாறி அணிந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒன்றரை மணி நேரம்தான். இதே கதை 2022இல் 'அக்கா குருவி' என்று தமிழிலும் வந்தது.

'காக்கா முட்டை' (2015): பீட்சா தின்ன ஆசைப்படும் இரண்டு சேரிச் சிறுவர்களின் கதை. பேரன்களுக்காகப் பாட்டி தோசை மாவில் பீட்சா சுட்டுப் பார்க்கும் காட்சி சிரிக்கவைக்கும். பிள்ளைகளைக் கடைக்குள் விடாமல் அடிக்கும் காட்சி சிந்திக்கவைக்கும். "ஏன் உம்மா அவர்களை உள்ளே விடவில்லை?" என்று பிள்ளை கேட்டால், விடை சொல்லாமல் நழுவிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாரத்தில் ஓர் இரவைக் குறித்துக்கொள்ளுங்கள். பகலிலேயே படத்தின் முதல் இருபது நிமிடத்தையும் இடையிடையேயும் ஓடவிட்டுப் பாருங்கள். அடுத்த படம் தானாக ஓடும் வசதியை நிறுத்திவையுங்கள். வாப்பா வெளிநாட்டிலிருந்தால் தொலைபேசியில் அவரிடமும் கேளுங்கள். ஒரு வாரம் மகன் சொல்லும் படம், மறுவாரம் மகள் சொல்லும் படம் என்று முறை வையுங்கள். பிடிக்காத காட்சி வந்தால் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் பறிக்கப்பட்ட கைப்பேசியைப் பிள்ளை போர்வைக்குள் வைத்துப் பார்க்கும். காரணம் தெரிந்த பிள்ளை, நீங்கள் இல்லாத இடத்திலும் ஒரு கணம் யோசிக்கும்.

வருகிற வெள்ளி இரவே தொடங்குங்களேன். இன்றைக்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு, "என்ன படம் பார்ப்போம்?" என்று கேளுங்கள்.