வரலாற்றுப் பாடத்தின் ஆங்கிலச் சொற்கள்: நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

நம் பிள்ளைகளில் பலர் இன்று வரலாற்றை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். கடினமான சொற்களுக்கு அகராதியில் பொருள் பார்த்து எழுதிக்கொண்டால் பாடம் புரிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் கடந்த காலத்தைப் பேசும் ஆங்கிலச் சொற்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, நிகழ்வு எப்போது நடந்தது என்பதை மட்டும் சொல்லும். மற்றொரு வகை, யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் படிக்கும் பிள்ளை, பிறர் எழுதிய தீர்ப்பைத் தன் கருத்தாகவே மனதில் ஏற்றிக்கொள்ளும்.

காலத்தைச் சொல்லும் சொற்கள்

முதலில் எளிய வகையைப் பார்ப்போம். 'செஞ்சுரி' என்றால் நூற்றாண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஆண்டு 622. அது எந்த செஞ்சுரி என்று கேட்டால் 'ஆறாவது' என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். சரியான விடை ஏழாவது. 1 முதல் 100 வரை முதல் நூற்றாண்டு என்பதால், 601 முதல் 700 வரை ஏழாவது நூற்றாண்டு.

ஆண்டோடு சேர்த்து எழுதும் 'ஏ.டி.', 'சி.ஈ.' இரண்டும் ஒரே கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கைத்தான் குறிக்கின்றன. 'ஏ.டி.' கிறிஸ்தவ மரபிலிருந்து வந்த சொல், 'சி.ஈ.' எல்லாருக்கும் பொதுவாகப் பயன்படுத்தப்படுவது. 'ஏ.ஹெச்.' என்று இருந்தால் அது ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டோடு 622ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடாது. சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவானது என்பதால், 33 சூரிய ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 34 ஹிஜ்ரி ஆண்டுகள் கடந்துவிடும்.

ஆண்டுக்கு முன்னால் 'சர்கா' என்று இருந்தால் 'ஏறத்தாழ' என்று பொருள். 'ஹிஸ்டாரிக்கல்' என்பது வரலாறு தொடர்பான எதையும் குறிக்கும். 'ஹிஸ்டாரிக்' என்பது வரலாற்றில் முக்கியமான இடம் பெற்றதை மட்டும் குறிக்கும்.

தீர்ப்புச் சொல்லும் சொற்கள்

இனி கவனமாகப் படிக்க வேண்டிய வகை. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரக் கொதிக்க வைத்தன. கோட்டையில் திப்பு சுல்தானின் புலிக்கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த படை அன்றே அதை அடக்கியது.

ஆங்கில நூல்களில் இதற்குப் பெயர் 'மியூட்டினி'. மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய மறுக்கும் படைவீரர்களின் குற்றம் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லை ஏற்றவுடன், கம்பெனிதான் சட்டப்படியான எஜமான் என்பதையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். 'ரிவோல்ட்' என்றால் எதிர்த்து எழுந்தார்கள் என்று மட்டும் பொருள்படும். 'வார் ஆஃப் இண்டிபெண்டன்ஸ்' என்றால் விடுதலைப் போர். 1857க்கும் இந்தப் பெயர்கள் எல்லாமே வழங்குகின்றன. நிகழ்வு ஒன்றுதான், பெயர் வைத்தவர் நின்ற இடம்தான் வேறு.

'டிஸ்கவரி' என்ற சொல்லும் அப்படித்தான். 1498இல் வாஸ்கோடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி 'கண்டுபிடித்தார்' என்று படிக்கிறோம். அவர் வந்து சேர்ந்தபோது கோழிக்கோட்டில் அரபு வணிகர்கள் ஏற்கெனவே வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பாவுக்குத்தான் அந்த வழி புதிது. அதே காமா 1502இல் மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகளின் கப்பலை, பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானோருடன் எரித்தார். ஆனால் கடற்கொள்ளையர் என்று பொருள்படும் 'பைரேட்' என்ற பட்டத்தை, போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போரிட்ட குஞ்சாலி மரைக்காயர்களுக்கு அவர்கள் சூட்டினார்கள். சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக இருந்தவர்கள் மரைக்காயர்கள்.

இன்னொன்று 'டிராஜடி'. 1921 நவம்பரில் மலபார்க் கிளர்ச்சியில் கைதானவர்களைத் திரூரில் மூடிய சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். கோவையை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறிப் பிணமாகக் கிடந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 70 பேர். இதை 'வேகன் டிராஜடி' என்கிறார்கள். டிராஜடி என்றால் துயரம். வெள்ளமும் புயலும்கூடத் துயரம்தான். பெட்டியைப் பூட்டியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லில் மறைந்துபோகிறது. படுகொலை என்று பொருள்படும் 'மாஸக்கர்' என்று சொல்பவர்கள் அந்தக் கேள்வியைத்தான் திரும்பக் கேட்கிறார்கள்.

நமக்கும் அதே அளவுகோல்

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். 1311இல் தில்லி சுல்தானின் படையுடன் மாலிக் காஃபூர் மதுரை வரை வந்தார். இதை 'எக்ஸ்பெடிஷன்' என்றால் வெறும் படைப்பயணம் போலத் தோன்றும். 'ரெய்டு' என்றால் கொள்ளைக்காக வந்த திடீர்த் தாக்குதல். 'இன்வேஷன்' என்றால் பிறர் நாட்டில் படையோடு புகுதல். பெரும் செல்வத்தை அள்ளிக்கொண்டு அந்தப் படை திரும்பியது. முஸ்லிம் அரசர் செய்தால் மென்மையான சொல், மற்றவர் செய்தால் கடுமையான சொல் என்று பிள்ளைக்குப் பழக்கினால், பிறரிடம் நாம் குறை காணும் அதே செயலை நாமே செய்தவர்களாவோம். நமக்கே எதிராக இருந்தாலும் நீதியோடு சாட்சி சொல்லும்படி கட்டளையிடப்பட்டவர்கள் நாம்.

வீட்டில் கேட்க மூன்று கேள்விகள்

பிள்ளை வரலாற்றுப் பாடம் படிக்கும்போது பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்தப் பெயரை வைத்தது யார்? எதிர்த்தரப்பினர் இதை என்னவென்று அழைத்தார்கள்? இதற்கு 'பிரைமரி சோர்ஸ்' என்ன? பிரைமரி சோர்ஸ் என்றால் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட முதல்நிலைச் சான்று. போர்த்துக்கீசியரின் குறிப்புகள் அப்படிப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டில் ஷைக் ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலும் அப்படித்தான். மலபார் மக்கள் பட்ட துன்பத்தை அது அவர்கள் பக்கமிருந்து சொல்கிறது. இரண்டையும் வைத்துப் பார்ப்பவரே வரலாறு படிக்கிறவர்.

தேர்வில் புத்தகத்தில் உள்ள சொல்லைப் பிள்ளை எழுதட்டும், மதிப்பெண்ணும் வேண்டும்தானே. ஆனால் அந்தச் சொல் யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித் தர ஆங்கிலப் புலமை தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்தால் போதும்.