சூச்சௌவுக்கு முன்னே மாதோட்டம்

தலைமன்னாரில் என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர், சீனத்துக் கால்வாய் நகரமாகிய சூச்சௌவுக்கு மூன்று நாட் பயணம் வகுத்துத் தருமாறு கேட்டார். பெருங்கால்வாய்க் கரைக்கு ஒரு நாள், கற்பாலங்கள் நிறைந்த பழைய வீதிகளுக்கு ஒரு நாள், புகழ்பெற்ற சோலைகளுக்கு ஒரு நாள் எனப் பகுத்தேன்.

புறப்படுமுன் மாதோட்டத்துக்கு அரை நாள் ஒதுக்குமாறும் எழுதினேன். திருக்கேதீச்சரத்தை அடுத்த அப்பண்டைத் துறைமுக மேட்டை இரட்டை அகழிகள் சூழ்ந்திருந்தன. 1980களின் அகழாய்வில் அங்கே சீனத்துத் தாங் காலப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன.

"பக்கத்திலேதானே இருக்கிறது, ஐயா, பிறகு பார்க்கலாம்" என்றார். அவ்வாறு சொல்லியே ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். சீனப் பொருள் நம் வாயிலுக்கு வந்த துறையைக் காணாமல் சீனம் செல்வது முறையாகுமோ?