பிஞ்சுக் கண்ணுக்கு ஒரு தேதி

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நான் அதில் பாட்டு கேட்டேன், சீட்டு விளையாடினேன், அவ்வளவுதான். ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்றவும் அது உதவும் என்பது என் தங்கைக்கு மகன் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

30-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் இருந்தவனுக்கு 28-ம் நாள் கண் பரிசோதனை என்றார்கள். மூச்சுக்கே போராடும் குழந்தைக்குக் கண்ணில் என்ன சோதனை என்று திகைத்தோம்.

ஆர்.ஓ.பி. என்றால் என்ன?

கருவில் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி வளரும். பிரசவ காலம் நெருங்கும்போதுதான் இந்த வேலை முடியும். குழந்தை முன்கூட்டியே பிறந்தால் வளர்ச்சி பாதியில் நின்றுவிடலாம். பிறகு தாறுமாறாகப் புதிய குழாய்கள் முளைத்து, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடக்கூடும். அளவுக்கு மீறிய ஆக்ஸிஜனும் இதற்கு ஒரு காரணம். இதைத்தான் ‘ரெட்டினோபதி ஆஃப் ப்ரிமெச்சூரிட்டி’, சுருக்கமாக ஆர்.ஓ.பி. என்கிறார்கள்.

பல குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு முற்றும். சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே தெரியும்.

கேமராவும் கம்ப்யூட்டரும்

பரிசோதனையன்று சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்தார்கள். கண் மரத்துப்போகவும் மருந்து விட்டார்கள். பேனா போன்ற கேமரா முனையைக் கண்ணின் மேல் மெல்ல வைத்ததும், மானிட்டரில் விழித்திரை ஆரஞ்சு நிறத்தில் விரிந்தது. படங்கள் ஃபைல்களாகப் பதிவாயின. அடுத்த முறை எடுக்கும் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தப் படங்களை இன்டர்நெட்டில் அனுப்பவும் முடியும். பெங்களூரு நாராயணா நேத்ராலயா 2008-ல் ‘கிட்ராப்’ திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவுடன் கர்நாடகத்தின் சிற்றூர் மருத்துவமனைகளுக்குச் சென்று படமெடுக்க, எங்கோ இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து முடிவு சொல்கிறார். படத்தைப் பார்த்து நோயின் தீவிரத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் 2018-ல் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. ஆனால் குழந்தையை அந்தக் கேமராவின் முன் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

தவறவிட இருந்த தேதி

அதில்தான் நாங்கள் கோட்டைவிட இருந்தோம். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த பரிசோதனை ஒரே வாரத்தில். “கண்ணை உருட்டி உருட்டிப் பாக்கிறான். இந்தப் பனியில எதுக்குடா தூக்கிட்டு அலையணும்?” என்றார் அம்மா. தங்கையும் தயங்கினாள். நானும் மறந்தே போயிருப்பேன். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் காலண்டரில் நானே முன்பு பதிந்திருந்த நினைவூட்டல் திரையில் வந்து நின்றது. உடனே ஆட்டோ பிடித்தோம்.

குழாய்கள் புடைத்து, முறுக்கிக்கொண்டிருந்தன. “இனி தள்ளிப்போட முடியாது” என்ற டாக்டர் மறுநாளே லேசர் சிகிச்சை செய்தார். இந்த நிலையை எட்டினால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தர வேண்டுமாம். சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து போடுவார்கள். ஊசிக்குப் பிறகு நோய் தாமதமாகத் திரும்பலாம் என்பதால் கண்காணிப்பு இன்னும் நீளும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ, 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை அவசியம். 28 வாரத்துக்கு முன்போ, 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் 2 முதல் 3 வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

2. எக்ஸெலில் ஒரு கட்டத்தில் பிறந்த தேதியை டைப் செய்து, அடுத்த கட்டத்தில் அதனுடன் 30-ஐக் கூட்டுங்கள். கடைசித் தேதி கிடைத்துவிடும்.

3. டாக்டர் சொல்லும் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நினைவூட்டல்கள் வையுங்கள்: ஒன்று இரண்டு நாள் முன்னதாக, மற்றொன்று அன்று காலையில்.

4. டிஸ்சார்ஜ் சீட்டு, கண் அறிக்கைகளை ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஃபைல் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே அடுக்கிக்கொள்ளும். பென் டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும்.

5. செல்போனில் கண்ணைப் படமெடுத்துப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். விழித்திரையின் ஓரம் அதில் தெரியாது.

தங்கை மகனுக்கு இப்போது நான்கு வயது. கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி போட்டிருக்கிறான். என் மடியில் உட்கார்ந்து மவுஸைப் பிடுங்குகிறான். அவனது அடுத்த கண் பரிசோதனைத் தேதியும் அதே காலண்டரில் இருக்கிறது.