வாளிக்குள் கால் விட்டால் வட்டம் வரும்!

கதவைத் திறந்ததும் நம்மை வரவேற்பது சத்தம்தான். ஸ்பிரிங் தரையில் தடதடவென ஓடும் கால்கள், கிறீச்சிடும் ஹை பார், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயிற்சியாளரின் குரல்: “கால் விரலை நீட்டு! நீட்டு!”

அமெரிக்காவில் பையன்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி மூன்றாம் நிலையில் தொடங்கிப் பத்தாம் நிலை வரை போகிறது. நாம் நுழைந்திருப்பது அந்த மூன்றாம் நிலைக் கூட்டத்துக்குள். பெரும்பாலும் ஏழெட்டு வயது வாண்டுகள். ஆனால், ஒலிம்பிக் வீரர்களுக்கு உள்ள அதே ஆறு பிரிவுகள் இவர்களுக்கும் உண்டு: ஃப்ளோர், பாமல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார். வாங்க, திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம்!

முதல் ரகசியம்: இந்த நிலையில் எல்லாப் பையன்களும் செய்வது ஒரே வரிசைதான். யாரும் புதிதாக ஒரு குட்டிக்கரணத்தைச் சேர்த்து அசத்த முடியாது. அப்படியென்றால் வெற்றி எங்கே இருக்கிறது? மடங்காத முழங்காலில், ஒட்டிய பாதங்களில், அசையாமல் வந்து நிற்கும் கடைசி நொடியில். கீழே விழுந்தால் புள்ளி பெரிதாகப் போச்சு. சின்னப் பிசகுக்கு 0.1 குறையும். பயிற்சியாளர் நாளெல்லாம் துரத்துவது அந்த 0.1களைத்தான்!

அதற்கான அஸ்திவாரம் ஓரத்தில் விரித்த மெத்தையில் நடக்கிறது. பையன்கள் மல்லாந்து படுத்து, தோளையும் காலையும் மட்டும் தூக்கி, படகு போல வளைந்து கிடக்கிறார்கள். பயிற்சியாளர் ஒவ்வொருவரின் இடுப்புக்கு அடியிலும் விரலை நுழைத்துப் பார்க்கிறார். நுழைந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து! சிரித்தால் வளைவு கலைந்துவிடும். சிரிப்போ அடங்கவே மாட்டேன் என்கிறது. தலைகீழாக நிற்பதும், பின்னாளில் ஹை பாரில் முழுச் சுற்று சுற்றுவதும் இந்த வளைவிலிருந்துதான் பிறக்கின்றன.

அடுத்து ரிங்ஸ். தரையிலிருந்து 2.8 மீட்டர் உயரத்தில் தொங்கும் வளையங்களை நம் குட்டி வீரர் எப்படிப் பிடிப்பார்? பயிற்சியாளர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார், ஆட்டம் நிற்கும்வரை பிடித்திருப்பார், பிறகு மெல்ல நகர்ந்துகொள்வார். ஒலிம்பிக் வீரர்களையும் இப்படித்தான் தூக்கிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் பையன்களின் முகத்தில் வரும் பெருமிதம் இருக்கிறதே!

இப்போது கூடத்தின் மகா பொக்கிஷம்: மஷ்ரூம்! பாமல் ஹார்ஸ் 160 சென்டிமீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம், மேலே இரண்டு பிடிகள். அதற்கு முன்னோட்டமாகச் சின்னப் பையன்களுக்குக் குட்டையான, உருண்டைத் தலை கொண்ட இந்தக் காளான். அதன்மேல் கைகளை ஊன்றி, கால்களைச் சேர்த்து உடலை வட்டமாகச் சுழற்ற வேண்டும். கால்கள் கடக்கும் நேரத்தில் ஒரு கை விலக வேண்டும், உடனே திரும்பி ஊன்ற வேண்டும். கால் ஒரு பக்கம் போனால் தோள் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். சொல்லும்போதே மூச்சு வாங்குகிறதா?

இதற்குத்தான் அந்த அற்புதமான வாளி! உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு வாளி தொங்குகிறது. பையன் அதற்குள் பாதங்களை வைத்துக்கொள்கிறான். கால்களின் எடையை வாளி சுமக்க, அவன் கவனம் முழுவதும் கைகளுக்கும் தோள்களுக்கும் போகிறது. சுற்று, சுற்று, இன்னொரு சுற்று! ஒருநாள் பயிற்சியாளர் வாளியை எடுத்துவிடுவார். முதலில் அரை வட்டம், தொப்பென்று மெத்தையில். பிறகு முக்கால். பிறகு, அதோ, ஒரு முழு வட்டம்!

இந்த ஒரே வித்தையில் உழைத்தவர் எவ்வளவு தூரம் போகலாம்? 2024 பாரிஸ் ஒலிம்பிக் குழுப் போட்டியில் ஸ்டீஃபன் நெடரோசிக் பாமல் ஹார்ஸில் மட்டுமே இறங்கினார், அமெரிக்க அணியின் கடைசி ஆளாக. 2008க்குப் பிறகு அந்நாட்டு ஆண்கள் அணி குழுப் பதக்கம் வென்றது அன்றுதான். தனிப் போட்டியிலும் அவருக்கு வெண்கலம்!

போட்டி நெருங்கினால் மரியாதைக்கும் ஒத்திகை உண்டு. நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும், முடித்ததும் மறுபடி உயர்த்த வேண்டும். கையில் பூசவேண்டிய சாக் பவுடர் மூக்கிலும் காதிலும் ஏறியிருக்கும், துடைத்துவிடவும் பயிற்சியாளர்தான்.

பல கூடங்களில் சுவரில் ஒரு மணி இருக்கும். புது வித்தை கைவந்தவன் ஓடிப்போய் அதை அடிக்கலாம். வாளி இல்லாமல் முதல் வட்டம் சுற்றியவன் அடிக்கும்போது ஆறு கருவிகளிலும் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். மற்றவர்களோ அடுத்த நொடியே மஷ்ரூம் முன்னால் வரிசை கட்டிவிடுகிறார்கள்: “சார், நான்! அடுத்து நான்!”