கெர்னல் எடுக்கும் முதல் நினைவகம்

ஓடும் கணினியில் எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் என்று பிரித்துக் கொடுப்பது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் வேலை. லினக்ஸ் கெர்னல், பெரும்பாலான கணினிகளில், ராமை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, பக்கத்துக்கு ஒரு பதிவு வைத்துக்கொள்கிறது. 64 பிட் கணினியில் ஒரு பதிவு வழக்கமாக 64 பைட். 16 ஜிபி ராமில் ஏறத்தாழ 42 லட்சம் பக்கங்கள் உண்டு. பதிவேட்டுக்கு மட்டும் 256 எம்பி தேவை. அந்த இடத்தையும் அதே ராமிலிருந்துதான் எடுக்க வேண்டும். இடம் ஒதுக்கப் பதிவேடு வேண்டும். பதிவேட்டுக்கோ முதலில் இடம் ஒதுக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கவே துவக்கக் கட்டத்துக்கென்று எளிய பங்கீட்டு முறை ஒன்று தனியாக இருக்கிறது.

முதல் வேலை, ராம் எங்கே இருக்கிறது என்று அறிவது. இன்டெல் வகைக் கணினிகளில் பழைய துவக்க மென்பொருளான பயாஸ், 'இ820' என்ற அழைப்பின் வழியே வரைபடம் ஒன்றைத் தருகிறது. புதியவற்றில் அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ தருகிறது. பல ஆர்ம் கருவிகளில் 'டிவைஸ் ட்ரீ' என்ற விவரத் தொகுப்பு இதைச் சொல்கிறது. வரைபடம் இடையறாத ஒரே பரப்பாக இருப்பதில்லை. இன்டெல் வகையில் 640 கேபி முதல் 1 எம்பி வரையிலான முகவரிகள் திரைக்கும் பயாஸுக்கும் உரியவை. அங்கே கெர்னல் கைவைக்கக் கூடாது.

வரைபடம் கிடைத்ததும், துவக்கத்துக்கான அந்த எளிய பங்கீட்டு முறையான 'மெம்பிளாக்' வேலையைத் தொடங்குகிறது. அதனிடம் முக்கியமாக இரண்டு பட்டியல்கள்: இருக்கும் நினைவகம் ஒன்று, எடுத்துக்கொண்ட நினைவகம் மற்றொன்று. ஒவ்வொரு வரியிலும் தொடக்க முகவரியும் நீளமும் இருக்கும். பட்டியல்களுக்கான இடம், பொதுவாக 128 வரிகள் அளவில், கெர்னல் கோப்பிலேயே முன்கூட்டி வைக்கப்பட்டிருப்பதால் யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. கெர்னல் தான் அமர்ந்திருக்கும் பகுதியை முதலில் இரண்டாம் பட்டியலில் எழுதுகிறது. பிறகு யாராவது இடம் கேட்டால், முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாத இடைவெளி ஒன்றைத் தேடி எடுத்து, அதையும் இரண்டாவதில் சேர்க்கிறது. இடம் கிடைக்காவிட்டால் மூடுவதற்கு வேறு நிரல் ஏதும் அப்போது ஓடிக்கொண்டிருப்பதில்லை. இன்றியமையாத ஒதுக்கீடு என்றால் துவக்கமே நின்றுவிடும்.

பெரிய பதிவேட்டுக்கான இடமும் இப்படித்தான் கிடைக்கிறது. அது தயாரானதும் மிஞ்சிய பக்கங்கள் அனைத்தும் 'பட்டி' பங்கீட்டு முறையிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இடத்தை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து, திரும்பி வரும் துண்டை அதன் இணையோடு சேர்க்கும் அந்த முறையைக் கென்னத் நோல்டன் 1965இல் வெளியிட்டார். துவக்கத்துக்கு மட்டுமே தேவைப்பட்ட நிரல்கள் இருந்த இடமும் கடைசியில் விடுவிக்கப்படுகிறது.

முன்பு மெம்பிளாக்கின் பணியை 'பூட்மெம்' செய்துவந்தது. அது பக்கத்துக்கு ஒரு பிட் வைத்தது. 1 ஜிபிக்கு 32 கேபி. அந்தப் பிட் வரிசைக்கும் முதலில் இடம் தேட வேண்டியிருந்தது. பவர்பிசி கணினிகளுக்கான நிரலிலிருந்து வளர்ந்த மெம்பிளாக் 2010இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2018 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 4.20இல் பூட்மெம் நீக்கப்பட்டது.

துவக்கத்தில் எடுத்துக்கொண்டு திரும்பி வராத இந்தப் பங்கு, லினக்ஸ் காட்டும் மொத்த நினைவகக் கணக்கில் சேர்வதில்லை. வாங்கிய ராமைவிடத் திரையில் தெரியும் அளவு சற்றுக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.