அடுத்த நூலை எங்கே தேடுவது?

நூல் என்பது விந்தையான சரக்கு. அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். நூலின் தரமோ படித்த பின்னரே தெரியும். பிலிப் நெல்சன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் இத்தகையவற்றை 'அனுபவப் பொருள்கள்' எனப் பிரித்துக் காட்டினார். தரத்தை முன்கூட்டியே அறிய வழியில்லாத இடத்தில் பிறர் சொல்லுக்கு மதிப்பு கூடும். விற்பனைப் பட்டியலுக்கும் விருதுக்கும் விளம்பரத்துக்கும் வாசகர்களிடையே இவ்வளவு செல்வாக்கு இருப்பது அதனால்தான்.

ஆனால், எது அதிகம் விற்கிறது என்று கூறும் பட்டியல், எனக்கு ஏற்றது எது என்று கூறுவதில்லை. இணைய அங்காடிகளின் பரிந்துரையோ பெரும்பாலும் வந்த வழியிலேயே நம்மைச் சுற்றவைக்கிறது. வரலாற்றுப் புதினம் வாங்கியவருக்கு மேலும் பல வரலாற்றுப் புதினங்கள். 'பொன்னியின் செல்வன்' படித்து முடித்தவருக்கு இயல்பாக எழும் ஐயம், இதில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது. அவருக்குரிய அடுத்த நூல் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரிடமோ கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியிடமோ இருக்கிறது.

நூலகத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. டியூயி பதின்ம முறையில் பொருளியலுக்கு 330. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. ஒரே துயரைப் பேசும் இரு நூல்கள் வெவ்வேறு அடுக்குகளில் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை உணவுப் பற்றாக்குறை என்பதைவிட, உணவைப் பெறும் வலிமையை மக்கள் இழந்த நிகழ்வாக அமர்த்திய சென் 1981-இல் விளக்கினார். அரிசி விலை ஏற ஏற ஒரு கிராமம் எவ்வாறு நிலைகுலைகிறது என்பதை விபூதிபூஷண் பந்தோபாத்யாய 'அசனி சங்கேத்' புதினத்தில் அதற்கு முன்பே காட்டியிருந்தார். இவ்விரண்டையும் ஒருசேரப் படிப்பவர் பெறும் தெளிவு தனித்தனியே படிப்பவருக்குக் கிட்டாது.

தொழிலாளர் பொருளியல் நடத்திய காலத்தில் பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' புதினத்தை மாணவர்களுக்குச் சொல்வேன். தேயிலைத் தோட்டத்துக்கு முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கணக்குத் தீராத கடன், ஊர் திரும்ப முடியாத குடும்பம் என அனைத்தும் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் கூலி ஒப்பந்தம் பற்றிக் கேட்ட கேள்விகளில் கூர்மை இருந்தது. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நூல் தட்டுப்பாட்டில் சிக்கிய நெசவாளரைப் பற்றியது (இங்கே நூல் தறியில் ஓடுவது). கைத்தறிக் கொள்கை பற்றிப் பேசுவோர் அதையும் புரட்டிப் பார்க்கலாம்.

ஆகவே, ஒரு நூல் நம்மிடம் விட்டுச்சென்ற வினாவைப் பின்தொடர்வதே என் வழி. அது எந்த வகைக்கு இட்டுச் சென்றாலும் சரி. முன்னுரையிலும் அடிக்குறிப்பிலும் குறிப்பிடப்படும் பெயர்கள் நல்ல தடயங்கள். நம்பிக்கைக்குரிய மொழிபெயர்ப்பாளரின் பிற நூல்களும் அவ்வாறே. பிறருக்குப் பரிந்துரைக்கும்போது, அவர் அண்மையில் எதைப் பாதியில் நிறுத்தினார் என்று முதலில் கேட்பேன். பிடித்ததைப் பற்றிச் சொல்லும்போது பலரும் பெருமைக்குரிய பெயர்களையே சொல்வர். கைவிட்டதைப் பற்றி அப்படிச் சொல்லத் தேவையில்லை. முதல் நூறு பக்கம் மெதுவாக நகரும் என்றால் அதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துப் பின் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகர் நூலைத் தேடுவதுபோல நூலும் வாசகரைத் தேடி அடைய வேண்டும் என்பதை 1931-இலேயே நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக வகுத்தார். தமிழகத்தில் சொத்து வரியுடன் நூலக வரியும் செலுத்துகிறோம். கிளை நூலகங்களின் வாயிலருகே ஒரே ஓர் அடுக்கை ஒதுக்கி, 'கடன்', 'பஞ்சம்', 'புலம்பெயர்வு' என மாதம் ஒரு பொருளில் புதினம், வரலாறு, ஆய்வு, தன்வரலாறு அனைத்தையும் கலந்து வைக்கலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. எந்த நூல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ள ஒரு பதிவேடு போதும்.