பாட்டு போன வழியில் பணம் வந்ததா?

கேசட் காலத்தில் ஒரு பாட்டு கடைக்கு வர வேண்டுமென்றால் ஆடியோ கம்பெனி ஒன்று மனசு வைக்க வேண்டும். ஸ்டூடியோ வாடகை, நகல் எடுக்கும் செலவு, அட்டை அச்சு, ஊர் ஊராக அனுப்பும் கூலி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பக்திப் பாடல்களையும் நாட்டுப்புறப் பாடல்களையும் விட்டால், சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டுக்குக் கடை அலமாரியில் இடம் கிடைப்பது அரிது. 2011இல் ‘க்ளப்புல மப்புல’ என்ற பாட்டு யூடியூபில் பரவியபோது, அதைப் பாடிய ஹிப்ஹாப் தமிழா ஆதிக்கு அந்த அலமாரியே தேவைப்படவில்லை.

வழியின் தூரம் இப்போது இன்னும் குறைந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்கும் கலைஞருக்கும் நடுவே நிற்பது, பாட்டை ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும்தான். டிஸ்ட்ரோகிட் என்ற டிஸ்ட்ரிபியூட்டர் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றித் தருகிறது. ராயல்டியில் பங்கு கேட்பதில்லை. சிடி பேபி என்ற இன்னொன்று வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. படுக்கையறையில் பதிவான பாட்டு சில நாள்களில் டொரன்டோவிலும் கேட்கிறது.

கதவு எல்லோருக்கும் திறந்ததால் கூட்டமும் பெருகியது. 2023இல் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய பாடல்கள் தளங்களுக்கு வந்தன என்கிறது இசைத் தரவு நிறுவனமான லுமினேட்டின் கணக்கு.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதில்தான் குழப்பம் அதிகம். ஒருமுறை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான கூலி கிடையாது. சந்தாவும் விளம்பர வருமானமும் பொது உண்டியலில் விழும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போவதாக ஸ்பாட்டிஃபை சொல்கிறது. மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை சதவீதமோ அதற்கேற்ப அந்தத் தொகை பிரியும். மாதம் முழுக்க மதுரைப் பறைக் கலைஞர் ஒருவரை மட்டுமே ஒரு ரசிகர் கேட்டாலும், அவர் கட்டிய சந்தாவில் பெரும்பகுதி அவர் கேட்டேயிராத பிரபலங்களுக்குத்தான் சேரும். இது அநியாயம்தான். இதை மாற்ற முடியாது என்பதும் இல்லை: கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் முறையை 2021இல் சவுண்ட்கிளவுட் தனிக்கலைஞர்களுக்காகக் கொண்டுவந்தது.

இந்தியாவில் உண்டியலே சிறியது. 2019இல் ஸ்பாட்டிஃபை இங்கே வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அமெரிக்காவில் அப்போது அது 9.99 டாலர். போதாததற்கு, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி இல்லை என்று 2024இல் ஸ்பாட்டிஃபை விதி கொண்டுவந்தது. முதல் பாட்டை ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் இளைஞரைத்தான் அது முதலில் தாக்குகிறது.

கேட்பு குவிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்ஜாயி எஞ்சாமி’யை எண்ணிப் பார்க்கலாம். தீயும் அறிவும் பாடியது. நிலமற்ற உழைப்பாளிகளின் நினைவைச் சுமந்த பாட்டு. யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கணக்கு வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவகாரம். ஆனால் பார்வை எண்ணிக்கையும் வங்கிக் கணக்கும் ஒன்றல்ல என்பது அன்று பலருக்கும் உறைத்தது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் உண்டு. வரியும் மெட்டும் ஒன்று. பதிவான ஒலி, அதாவது ‘மாஸ்டர்’, இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டர் கொண்டுவருவது மாஸ்டருக்கான பணத்தை. கவிஞர், இசையமைப்பாளர் பங்கை இந்தியாவில் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் வசூலிக்கிறது. அந்த ராயல்டி உரிமையை 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் உறுதிப்படுத்தியது. ஆனாலும் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யாதவருக்கு அது வந்து சேராது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பாட்டு போடும்போது, யாருக்கு எத்தனை பங்கு என்பதை எழுதி வைக்கக் கூச்சப்படுகிறார்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நேரடி விற்பனை இன்னொரு பாதை. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் ரசிகர் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்கலாம். தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கொரோனாவால் கச்சேரிகள் நின்றபோது, 2020 மார்ச் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று, தன் பங்கையும் அது விட்டுக்கொடுத்தது. பிறகு பல வெள்ளிக்கிழமைகள் அப்படிக் கடந்தன. அங்கே வாங்குபவர் சம்மதித்தால் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் கலைஞருக்குக் கிடைக்கிறது. அடுத்த ஆல்பம் வரும்போதோ கோயம்புத்தூரில் ஒரு சின்ன அரங்கில் பாடப் போகும்போதோ, முகவரி தந்தவர்களுக்குக் கலைஞரே நேராக எழுதலாம்.